தேய்த்தும் போகாத கீறல்

அறுபதுகளின் தொடக்கம் அது. வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எனக்கு மெக்கானிக் வேலை. இரண்டு லாரி, ஒரு ஜீப், பெரிய முதலாளியின் கார், இவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருந்தார்கள். நான் பிறந்தது குடியாத்தத்தில், தறிக்காரக் குடும்பத்தில். அறுந்த நூலை முடிச்சுப் போடும் பொறுமைகூட இல்லாதவன் என்று வீட்டில் தண்ணி தெளித்து விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவனுக்கு, ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியை நாள்கணக்கில் உட்கார்ந்து தேய்க்கும் வேலை வந்து சேர்ந்தது.

பெரிய முதலாளியின் ஒரே மகனான சின்ன முதலாளிக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்குமே, அதில் ஓட்டுவதற்காகப் பழைய கார் ஒன்றை வாங்கி, எடையைக் குறைக்க வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றி, கண்ணாடிகளையும் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டிருந்தார். நாங்கள் அதையும் கண்ணாடி என்றுதான் சொல்லுவோம்.

பிளாஸ்டிக்கில் ஒரு தொல்லை உண்டு. அது கீறலுக்கென்றே பிறந்த பொருள். தூசி படிந்திருக்கும்போது வெறும் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், அத்தனை தூசியும் கோடு கிழித்துவிட்டுப் போகும். ஒருமுறை எங்கள் லாரி டிரைவர் நல்லது செய்வதாக நினைத்து, பக்கத்துக் கண்ணாடியைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விட்டுவிட்டது. அன்றிலிருந்து சின்ன முதலாளி ஒரு சட்டம் போட்டார். முதலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்ற வேண்டும். தூசியெல்லாம் தானாக ஓடிய பிறகு வெறுங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். மணல் எதுவும் நெருடவில்லை என்றால்தான் துணி. இதை மீறியவனுக்கு அவர் வாயிலிருந்து தமிழும் உருதுவும் கலந்து விழும்.

அந்த வருஷப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன் கண்ணாடி சரியில்லை என்றார். வெயில் எதிரே அடித்தால் கீறலெல்லாம் வெள்ளையாக மின்னி, பாதையே தெரியவில்லையாம். வேறு கண்ணாடிக்கு மெட்ராஸில் சொல்லி வைத்தும் கிடைக்கவில்லை. தேய்த்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

வாட்டர் பேப்பர் என்கிற ரொம்ப நைசான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதலில் குறுக்கே, பிறகு நீளவாக்கில் தேய்த்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒரே இடத்திலும் நிற்கக் கூடாது, சூடேறினால் அந்த இடம் நெளிந்து, எதிரே வருகிற மாடு ஒட்டகம் மாதிரி தெரியும். அப்புறம் பெயிண்டுக்குப் போடும் பாலிஷ். கடைசியில் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய ஆட்டுத்தோலால் தேய்ப்பு. தோலுக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. முடிவில் மெழுகு பூசினேன். பளிங்கு மாதிரி வந்தது. எனக்கே என் கையை நம்ப முடியவில்லை.

சாயங்காலம் சின்ன முதலாளி வந்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். ஷெட்டின் வாசல் மேற்குப் பார்த்தது. வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வலது பக்கம் இன்னும் மங்கலாக இருக்கிறது என்று விரலால் காட்டினார். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு மறுநாள் முழுக்க அங்கேயே தேய்த்தேன். மறுநாளும் வந்து அதையேதான் சொன்னார், கொஞ்சம் தள்ளிக் காட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை, நம்மை வாட்டி எடுப்பதில் ஒரு சந்தோஷம் என்று லாரி டிரைவரிடம் புலம்பினேன். இன்னும் தேய்த்தால் கண்ணாடி அப்பளமாகிவிடும்.

சரி, கழற்றி எடுத்து இரண்டு பக்கமும் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிடலாம் என்று அடுத்த நாள் திருகாணிகளைக் கழற்றினேன். பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. கண்ணாடியைப் பின்னால் இருந்த மேஜைமேல் வைத்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, கை கழுவப் போனேன்.

திரும்பி வரும்போது சின்ன முதலாளி சீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ போகிற அவசரம் போல. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, வழக்கமான இடத்தைக் காட்டினார்.

"இன்னாப்பா தேய்ச்ச? கீறல் அப்டியேதான் இருக்குது."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். முதலாளி தமாஷ் பண்ணுகிறார் என்று நானும்தான் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் காரின் முன்பக்கமாகப் போய், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினேன். கை நேராக உள்ளே போய் ஸ்டியரிங்கைத் தொட்டது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி டிரைவரை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார். சொத்துக்கு வாரிசாக வருகிறவன் முதலில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை பழக வேண்டும் என்பது பெரிய முதலாளியின் கண்டிப்பு. சில மாதங்களுக்கு முன் குழியில் ஊறிய தோலைப் புரட்டும்போது சுண்ணாம்புத் தண்ணீர் வலது கண்ணில் தெறித்துவிட்டது. லுங்கி முனையால் துடைத்திருக்கிறார். குழியில் வேலை செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல விளக்கெண்ணெய் விட்டுவிட்டு, மறுபடி வேலையைப் பார்த்திருக்கிறார். சிவப்பு போய்விட்டது. மங்கல் மட்டும் மெல்ல மெல்ல வந்திருக்கிறது. கண்ணாடியில்தான் கோளாறு என்று அவரே தன்னை நம்பவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சந்தேகம் இருந்தது, ஆனால் வீட்டில் சொன்னால் காரை விற்றுவிடுவார்கள்.

"எடது கண்ணு நல்லா இருக்குது. ஒரு கண்ணு போதும். நாளைக்கு மாட்டிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? அவர் முதலாளி. ஆனால் அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஓடுபாதையில் அவர் ஓட்டுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வளைவில் வண்டிகள் ஒன்றையொன்று உரசுவது போல முந்தும். வலது பக்கம் வண்டி வருவது தெரியாமல் திருப்பினார் என்றால், அவர் கதை மட்டும் முடியாது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி, ஒரு ஜட்கா பிடித்து, வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

என் மனைவி அதைக் கட்டில்மேல் வைக்கச் சொல்லிவிட்டு, முழுக் கதையையும் கேட்டாள். வேலை போய்விட்டால் எங்கே போவது என்று நான்தான் பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அப்படியானால் கண்ணாடி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் தெருவில் முதலாளிமார் யாரும் கால் வைத்ததில்லை. அக்கம்பக்கமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. இறங்கி வந்த சின்ன முதலாளி கண்ணாடியைக் கொடு என்றார். திருட்டு என்றார். போலீஸில் சொல்வேன் என்றார். நியாயம்தான், அவருடைய பொருள்.

"வேலூருக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க மொதலாளி. ஓட்டலாம்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே கொண்டாந்து மாட்டறேன்" என்றேன்.

திறந்த கதவு வழியாகக் கட்டில்மேல் கண்ணாடி தெரிந்தது. அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார். வாசலுக்கு வலது பக்கம், எப்போதும் இருக்கிற இடத்தில், தண்ணீர்ப் பானை இருந்தது. குழந்தைகூடச் சுற்றிக்கொண்டு போகிற பானை. அவர் நேரே அதில் மோதினார். பானை உடைந்து, தண்ணீர் படியிறங்கித் தெருவுக்கு ஓடியது. அவர் அந்த ஈரத்தில் செருப்போடு நின்றார். உடைந்த பானையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீயும் கூட வர்றியா?" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜீப்பை நான்தான் ஓட்டினேன். மாதனூர், பள்ளிகொண்டா தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். சுண்ணாம்பு கருவிழியைச் சுட்டுத் தழும்பாக்கிவிட்டது, அந்தத் தழும்பு போகாது, இடது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், பந்தயமெல்லாம் இனி நினைக்கவே கூடாது என்றார். பிறகு, சுண்ணாம்பு பட்டதும் எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்கள் என்று கேட்டார். சின்ன முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இந்த அளவுக்கு ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

திரும்பி வருகிற வழியில், பள்ளிகொண்டா தாண்டியதும் வாய் திறந்தார்.

"கண்ணாடிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொன்னேன்" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

பந்தயத்துக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து காரை வாங்கிப் போனார். அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்டினேன். புதுக் கண்ணாடியா என்று பெங்களூர்க்காரர் கேட்டார். ஆமாம் என்று சின்ன முதலாளியே சொல்லிவிட்டார்.

இதற்குப் பிறகு அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார், சம்பளத்தை உயர்த்தினார் என்றெல்லாம் எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாசக்கணக்கில் என் முகம் பார்த்துப் பேசவில்லை. லாரி வேலையை ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு அது வலித்தது. தன் கண்ணைப் பற்றித் தெரிந்தவனை எதிரில் பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று பின்னால்தான் புரிந்தது.

ஆனால் ஒருநாள் சுண்ணாம்புக் குழிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தது. தினமும் அதில் நல்ல தண்ணீர் மாற்ற ஒரு ஆள் போட்டிருந்தார்கள். யார் கண்ணில் சுண்ணாம்பு பட்டாலும், துடைக்காமல், எண்ணெய் விடாமல், முதலில் முகத்தைத் தொட்டிக்குள் அமுக்க வேண்டும், அப்புறம்தான் கூப்பாடு போடலாம் என்பது சின்ன முதலாளியின் உத்தரவு. நான் அங்கே வேலை பார்த்த காலம் வரை எத்தனையோ பேர் அந்தத் தொட்டிக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள்.

அவர் காட்டிய இடத்தையெல்லாம் நான் தேய்த்தேனே தவிர, இது எப்போதிலிருந்து இப்படித் தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இப்போது வீட்டிலோ வெளியிலோ யார் எதைக் குறை சொன்னாலும், அதைச் சரிசெய்யக் கையை நீட்டுவதற்கு முன்னால், சொல்கிறவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.