பாலைக் கன்றும் நானும்

வயல் வேலை முடிந்தால் என் கணவருக்கு வீட்டுக்கு வரத் தெரியாது. தண்ணீர்ப் போத்தலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, ஜெயபுரத்துக்கு அப்பால் இருக்கிற பாதுகாக்கப்பட்ட காட்டுக்குப் போய்விடுவார். அதன் ஓரத்தில் யாரோ களவாக மரம் தறித்த இடத்தில் தானாக முளைத்த பாலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் அந்த ஓட்டம்.

"இண்டைக்கு ரெண்டு இலை விட்டிருக்கப்பா" என்று சிரித்துக்கொண்டு வருவார். என் புதுச் சேலையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் சக்களத்தியான அந்தக் கன்றை ஒருக்கால் பார்ப்போமென்று, ஒருநாள் அவருக்கு முன்பே போனேன். காட்டுக்குள் இறங்குமுன் ஓர் இலைக்குழை முறித்து ஐயனாருக்கு வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கைக்கு எட்டிய சின்னக் கன்றின் நுனியை முறித்து, காட்டோரத்தில் இருக்கிற ஐயனார் கல்லில் வைத்தேன். விரலெல்லாம் பால் ஒட்டியது.

பின்னால் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ, இதைத்தானப்பா நான் வளர்த்தனான்!"

"எனக்குத் தெரியாதப்பா. ஏசுங்கோ" என்றேன்.

"ஐயனாருக்குத்தானே முறிச்சனீர், விடும்" என்றார். மொட்டையாய் நின்ற கன்றுக்குப் போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது நான்தான் போகிறேன், அவருக்குத் தெரியாமல். போன கிழமை, முறித்த இடத்துக்குக் கீழே சிவப்பாய் ஒரு தளிர் எட்டிப்பார்த்தது. அவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் திரும்பவும் அங்கேதான் கிடப்பார்.

கொஞ்ச நாளைக்கு அது எனக்கு மட்டும் இருக்கட்டும்.