கன்ட்ரோல் பொடி

1950-ல் எனக்கு முப்பத்திரண்டு வயது. அஞ்சுகிராமத்துக்கு மேற்கே இரண்டு ஏக்கர் நெல்வயல், கூடவே ஆங்கிலப் பள்ளி இறுதி வகுப்பான இ.எஸ்.எல்.சி. பாஸ். வயலைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொல்வேன். பாஸைப் பற்றிக் கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அந்த வருஷம் மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தது. விவசாய டெப்போவில் வேலை பார்த்த ஜான்ரோஸ் என்னோடு படித்தவன். பூச்சிப் பொடிகளைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, "புரியலேன்னா கேளு, மக்கா" என்றான். இ.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் கேட்பானா?

முதல் பத்தியைப் படித்தேன். அடுத்த பன்னிரண்டு பக்கங்களை மரியாதையோடு புரட்டி அட்டவணைக்கு வந்தேன். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே! தலைப்பில் 'டெட் ஹார்ட்ஸ்' என்றிருந்தது. செத்த இருதயங்கள், அதாவது செத்த பூச்சிகள். ஒரு பொடிக்கு ஒன்பது, இன்னொன்றுக்குப் பதினான்கு, 'கன்ட்ரோல்' என்பதற்கு நாற்பத்தொன்று. அரிசி, சீனி, துணி எல்லாமே கன்ட்ரோலில், அதாவது ரேஷனில், கிடைத்த காலம். பொடியும் அப்படித்தான் என்று முடிவுகட்டினேன்.

பக்கத்து வயல்காரர் இசக்கியையும் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் நின்று கன்ட்ரோல் பொடி கேட்டேன்.

கடைக்காரர் சிவதாணு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூச்சிக்குமா ஓய் கார்டு குடுத்திருக்கான்?"

வரிசை முழுவதும் சிரித்தது. இசக்கி என்னைத் தெரியாதவர்போல் நின்றார்.

கோபத்தோடு டெப்போவுக்குப் போனேன். ஜான்ரோஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான்.

"ஏலே பகவதியப்பா, கன்ட்ரோல்னா ஒண்ணுமே போடாம சும்மா விட்ட பாத்தி. ஒப்பிட்டுப் பாக்கதுக்கு."

"அப்பம் நாப்பத்தொண்ணு?"

"டெட் ஹார்ட்னா செத்த பூச்சி இல்லலே, பூச்சி தின்னு காஞ்சுபோன குருத்து!"

என் மனைவி தாணம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சும்மா விட்டா பூச்சி திங்கும். இதுக்கா இம்புட்டு பக்கம் எழுதியிருக்கான்?"

மறுநாள் அகராதியோடு உட்கார்ந்தேன். அவர்கள் எதைத் தெரிந்துகொள்ள நினைத்தார்கள், என்ன செய்தார்கள், எதை எண்ணினார்கள் என்று பக்கம் பக்கமாக நோட்டில் எழுதினேன். பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் பூச்சி என் வயலில் கால்வாசியைப் படித்து முடித்திருந்தது. ஒன்பது என்று போட்டிருந்த பொடியைத் தூவி மீதியைக் காப்பாற்றினேன்.

அதோடு நின்றிருக்கலாம். நூறு பாத்தி என்று எழுதியவர் அட்டவணையில் தொண்ணூற்றேழுக்கே கணக்குக் காட்டியிருந்தார். ஆராய்ச்சியில் தவறு கண்டுபிடித்த பூரிப்பில் அவருக்கே ஆங்கிலத்தில் நாலு பக்கம் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் தபால் அட்டை வந்தது. இரண்டே வரி: 'அடிக்குறிப்பைப் பார்க்கவும். மூன்று பாத்திகளை மாடு மேய்ந்துவிட்டது.'

பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் கட்டுரை முழுவதிலும் அகராதியும் ஜான்ரோஸும் இல்லாமல் எனக்கு உடனே புரிந்த இடம் அது ஒன்றுதான்.