ஒரு நாய்க்கு ஒரு தடவை

மூன்றாவது தெரு முனையில் ஜெராக்ஸ் அக்கா திரும்பினால் போதும், படுத்திருக்கிற நாய்கள் எல்லாம் எழுந்துவிடும். குரைக்காது, கடிக்க வராது. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவர்கள் எப்படி நைசாக நகர்வார்களோ, அப்படி நகர்ந்துவிடும். ஒன்று காருக்கு அடியில் போகும். ஒன்று கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். இன்னொன்று அவசர வேலை வந்ததுபோல் சந்துக்குள் திரும்பும். அக்கா கடைச்சாவியைச் சத்தம் வராமல் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடப்பார். “போங்க, போங்க. நான் ஒண்ணும் பிடிக்க வரலை. கடை திறக்கப் போறேன்” என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். ஒன்பது வருஷமாகக் காலை எட்டரை மணிக்கு இதே பேச்சுதான். ஒரு நாயும் இதை நம்பியதில்லை.

அந்த நாய்களுக்கெல்லாம் இடது காதின் நுனி இருக்காது. கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா வெட்டிவிட்ட காது அது. நாலு தெரு, நாற்பத்தாறு நாய்கள், அத்தனையும் அக்கா கையால் பிடிபட்டவை. இந்த வட்டாரத்தில் நாய்கள்மேல் அதிகப் பாசம் யாருக்கு என்று மனிதர்களைக் கேட்டால் அக்காவைக் காட்டுவார்கள். நாய்களைக் கேட்டால் அது வேறு கதை.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வலது முழங்கால் முழுசாக மடங்காது. விரல் இடுக்கில் எப்போதும் மைப்பொடியின் கறுப்பு. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு, “என் கண்ணாடியைப் பாத்தீங்களா?” என்று வந்தவரையே கேட்பார். கடை என்றால் ஒரு மெஷின், ஒரு லாமினேஷன் பெட்டி, ஒரு ஸ்டூல். உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

விலங்கு நலக் குழுவின் நோட்டீஸ் இந்தக் கடையில்தான் நகலாகிறது: ‘தெருநாய்களுக்கு இலவசக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி. அனைவரும் ஒத்துழைக்கவும்.’ குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸும் இங்கேதான்: ‘தெருவில் நாய்களுக்கு உணவிடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ முதல் தடவை சங்கச் செயலாளர் தயங்கித் தயங்கித்தான் தாளை நீட்டினாராம். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “வரி கோணலா போயிருக்கே சார். இப்படியே ஒட்டினா நாய்கூட மதிக்காது” என்று நேராக்கி நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தார். “ரெண்டையும் ஒரே சுவத்துல பக்கத்துப் பக்கத்துல ஒட்டிட்டாங்க. படிக்கிறவன் எதைத்தான் கேப்பான், பாவம்” என்பார், கொட்டாவியோடு.

குழுவில் மொத்தம் நூற்று நாற்பது பேர். எல்லாம் போனுக்குள். காப்பாற்றிய நாய்க்குட்டியின் படத்தைப் போட்டால் கை தட்டும் பொம்மைகளாகக் கொட்டும். ‘ஞாயிறு காலை ஆறு மணிக்கு யார் யார் வர்றீங்க?’ என்று போட்டால் திங்கட்கிழமைவரை போன் மூச்சு விடாது. அப்புறம் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருவர் செய்தியை இப்போதுதான் பார்த்தாராம். “நூத்தி நாப்பது பேரு கை தட்டுறாங்க. அதுல ரெண்டு கை வந்து கூண்டைத் தூக்கினா என்ன குறைஞ்சிடும்?” இதை அக்கா கோபமாகச் சொல்வதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே! ஒவ்வொரு கருத்தடை முகாம் முடிந்ததும், “இதோட விட்டுடறேன்” என்பார். அடுத்த முகாமுக்கு நோட்டீஸை அவரே தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

தவறாமல் வருகிறவர் மிருக ஆஸ்பத்திரி வேன் டிரைவர் ஒருவர்தான். அவரிடம் வலை இருக்கிறது. ஆனால் வலையில் சிக்கிய நாய் பயத்தில் வலையின் கம்பி வளையத்தைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அதனால் அக்கா வெறுங்கையால் பிடிப்பார். பிடிக்க வேண்டிய நாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பாடு போட்டுப் பழக்குவார். முகாம் அன்று வளையலைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிடுவார். கூப்பிட மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார். அதுவாக வந்து முதுகை மோந்து, தோளை மோந்து, கையில் இருக்கிற ரஸ்க்குக்கு வர வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிற இடது கை சட்டென்று பிடரியைப் பிடிக்கும், வலது கை துண்டைக் கண்ணின்மேல் போடும். டிரைவர் கூண்டோடு ஓடி வருவார். எல்லாம் மூன்று நொடியில் முடிந்துவிடும்.

“துண்டு விழறதுக்குள்ள அது என் மூஞ்சியை ஒரு பார்வை பார்க்கும் பாருங்க... அதுக்கு நாலு கடி கடிச்சிட்டாக்கூடத் தேவலை. ஒரு நாய்க்கு ஒரு தடவைதான் நான் நல்லவ. அப்புறம் ஆயுசுக்கும் நான் பிள்ளை பிடிக்கிறவதான்.”

சட்டையை மாற்றிப் பார்த்தார். செருப்பை மாற்றிப் பார்த்தார். ஒரு தடவை மகள் வாங்கிக் கொடுத்த சென்ட்டைக்கூட அடித்துக்கொண்டு போனார். நாய்கள் இரண்டு தெரு தள்ளி எழுந்து போனதுதான் மிச்சம்.

பிடித்த நாயை அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் சட்டம். தெரு மாறினால் அந்தத் தெரு நாய்கள் கிழித்துவிடும். அக்கா ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்திருக்கிறார். இரண்டு செவலை நாய்கள், இரண்டுக்கும் மார்பில் ஒரே மாதிரி வெள்ளை. அன்று அக்காவுக்குக் காய்ச்சல், டிரைவருக்கு அவசரம். இதன் தெருவில் அதையும் அதன் தெருவில் இதையும் இறக்கிவிட்டார்கள். ஒன்று எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. இன்னொன்று தன் தெருவைத் தேடிக்கொண்டு பெரிய சாலையைக் குறுக்கே கடந்தபோது பஸ்ஸில் அடிபட்டது. டிரைவர், “நான்தான்க்கா மாத்தி எடுத்துட்டேன்” என்று இன்றைக்கும் சொல்வார். “கூண்டைத் திறந்தது நான்” என்று அக்கா பேச்சை முடித்துவிடுவார். அதற்கப்புறம் ஒவ்வொரு கூண்டிலும் நாயின் கலர்ப்படம், தெரு, எந்த வாசலில் பிடித்தது என்று எழுதி, லாமினேட் செய்து கட்டுவது வழக்கமானது.

இப்படிப்பட்ட அக்காவின் கடைப்படியிலேயே காது வெட்டாத நாய் ஒன்று ஐந்து வருஷமாகப் படுத்துக் கிடந்தது. வெள்ளையும் செவலையும் கலந்த பெட்டை. வருகிற ஆட்களை எல்லாம் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அதனால் பெயர் மேனேஜர். மத்தியானம் அக்கா சாப்பிட்டு முடிக்கிற கடைசிக் கவளம் அதற்குத்தான். தின்றுவிட்டு, அக்காவின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கிவிடும். “காலெல்லாம் எச்சில் பண்றா கழுதை” என்று திட்டுவார். ஆனால் கால் மரத்துப் போனாலும் அதை இழுத்துக்கொள்ள மாட்டார். நாலு தெருவிலும் அவரைப் பார்த்து வாலாட்டுகிற நாய் அது ஒன்றுதான்.

முகாமுக்கு முகாம் அது தப்பித்துக்கொண்டே வந்தது. முதல் தடவை பால் கொடுக்கிறது என்றார். அடுத்த தடவை தோலில் சொறி. அதற்கடுத்த தடவை மழை. நாலாவது தடவை அக்காவுக்கே முழங்கால் வலி. “ஏன்க்கா, மழை உங்க மேனேஜருக்கு மட்டும்தான் பெய்யுதா?” என்று டிரைவர் கேட்டார். அக்கா காதில் விழாதவர் மாதிரி மெஷினுக்குள் தாளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் மேனேஜர் ஐந்து குட்டி போட்டது, நின்றிருந்த ஒரு காருக்கு அடியில். காரை எடுத்தவர் குனிந்து பார்க்கவில்லை. மூன்று அங்கேயே போயிற்று. மற்ற இரண்டையும் நோய் கொண்டுபோனது. கடைசிக் குட்டியை மேனேஜர் வாயில் கவ்விக்கொண்டு வந்து கடைப்படியில், அக்காவின் காலடியில் வைத்தது. அக்காவால் ஏதாவது செய்ய முடியும் என்று அது நம்பியிருக்கும் போல. பக்கத்துக் கடை டெய்லர், தைத்து வைத்த கறுப்புப் பேன்ட்டில் எல்லாம் நாய்முடி ஒட்டுகிறது என்று தினமும் புலம்புகிறவர், எழுந்துபோய் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து அவரே குழி வெட்டினார். அன்று அவர் முடியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இந்த மாதம் டாக்டரம்மா ஏதோ சான்றிதழ் நகலெடுக்க வந்தார். படியில் குனிந்து மேனேஜரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “இன்னொரு ஈத்து இவ தாங்க மாட்டா. இந்த முகாமை விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுதான். யோசிச்சுக்குங்க” என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? சனிக்கிழமை அக்கா தட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“உனக்கு மனசு வரலைன்னா வேற யாரையாவது பிடிக்கச் சொல்லேன்” என்றார் வீட்டுக்காரர்.

“வேற யாருகிட்ட அவ வருவா?”

அவர் தண்ணீர் டம்ளரை அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. விடுமுறை நாளில் அக்கா வந்து படியில் உட்கார்ந்ததே மேனேஜருக்குப் பெரிய விஷயம். உடம்பெல்லாம் ஆட ஓடி வந்து மடியில் தாடையை வைத்துக்கொண்டது. டிரைவர் பத்தடி தள்ளிக் கூண்டோடு நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை அதன் இடது காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

“அக்கா, நேரமாகுது.”

“இருப்பா.”

இன்னும் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு பிடித்தார். அது ஒரு சத்தம்கூடப் போடவில்லை. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, பிடி இறுகியபின்தான் அண்ணாந்து பார்த்தது. துண்டு போட வேண்டிய கை வரவில்லை. டிரைவர்தான் ஓடி வந்து போட்டார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா போன் செய்தார். “கர்ப்பப்பை பூரா சீழ். ரெண்டு மாசம் விட்டிருந்தா போயிருப்பா. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க.” அக்கா “சரிங்கம்மா” என்று போனை வைத்தார். எது நல்ல நேரம்? நாலு முகாம் தள்ளிப் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா? அந்த ஐந்து குட்டிகளும் அவருடைய கணக்கில்தான் வரும். இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்ன தாளை ஒரே பக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வியாழக்கிழமை, மேனேஜர் திரும்பி வருகிற அன்று காலை, ஒரு ரஸ்க் பாக்கெட்டை டெய்லரின் மேஜைமேல் வைத்தார். “இனிமே நீங்க போடுங்க.”

“நானா? என்னக்கா இது, துணியெல்லாம்...”

“துணியை உதறிக்கலாம். என்கிட்ட வர மாட்டா.”

“அதெல்லாம் வருவா. அஞ்சு வருஷப் பழக்கம்.”

“அந்த நாப்பத்தாறும் என்கிட்ட பழகினதுதான் டெய்லர்.”

பத்தரை மணிக்கு வேன் வந்தது. கடைக்குள் ஒரு காலேஜ் பெண் புராஜெக்ட் தாள்களோடு நின்றிருந்தாள். அக்கா வெளியே வரவில்லை. அட்டையில் எழுதிய இடம் சரிதானா என்று உள்ளிருந்தே டிரைவரைக் கேட்டுக்கொண்டார். டிரைவர் கூண்டைத் திறந்தார். மேனேஜர் மெதுவாக இறங்கி, உடம்பைச் சிலுப்பி, கம்பத்தை மோந்தது. வெட்டுப்பட்ட காது இன்னும் ஆறவில்லை. பிறகு கால் பழகிய வழியில் நேரே கடைப்படிக்கு வந்தது. முன்னங்காலைப் படியில் வைத்ததும் உள்ளே அக்காவைப் பார்த்தது.

வால் ஒடுங்கியது. காலைக் கீழே இறக்கி, பின்னாலேயே போய் நடுத்தெருவில் நின்றது. இந்தப் பக்கம் டெய்லர் குந்தி உட்கார்ந்து, “வா, வா தாயி” என்று ரஸ்க்கை நீட்டினார். அது ரஸ்க்கைப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது. ஓரடி டெய்லர் பக்கம் வைத்தது. மறுபடி அக்காவைப் பார்த்துப் பின்வாங்கியது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத வயிறு, விலா எலும்பு எண்ணும்படி இருந்தது.

அக்கா இரண்டு கையையும் தூக்கி, எட்டி ஷட்டரின் விளிம்பைப் பிடித்தார்.

“என்னக்கா, கடையைச் சாத்துறீங்க? என் தாள்...” என்றாள் அந்தப் பெண்.

“ரெண்டு நிமிஷம் இரும்மா. அவ சாப்பிட்டுக்கட்டும்.”

வழக்கமாகத் தெருவே அதிர விழுகிற ஷட்டர். அக்கா அதைத் தன் தோளில் தாங்கி, மடங்காத முழங்காலை மடக்கி, ஒரு கிறீச் சத்தம்கூட எழாமல், விரற்கடை விரற்கடையாகத் தரைவரைக்கும் இறக்கினார்.