தலையை உதறிய குதிரை

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிய செங்கல்வராயனுக்கு 1966-ஆம் வருஷக் கோடை போதாத காலம். பகலெல்லாம் அவருடைய குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

"இன்னா நைனா, கெளம்புறப்பவே வேணாம்னுது?" என்று, பெண் பார்க்கப் புறப்பட்டவர்கள் சகுனம் சரியில்லையென இறங்கிவிடுவார்கள்.

மனைவி கெங்கம்மாள் திருஷ்டிக்கென்று அதன் நெற்றியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். அது மூக்கில் இடித்து உதறல் அதிகமானது.

நிழலில் நின்றால் உதறுவதில்லை என்பதை, ஒருநாள் மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது ஆண்டவன்தான் அவருக்குக் காட்டினான். அதைக் கேட்ட மாட்டு டாக்டர், "வெயிலில் மூக்கு கூசுதுப்பா, வலை கட்டு" என்றார். மூக்கையும் வாயையும் மூடி மீன்வலைத் துண்டைக் கட்டியதும் உதறல் அடங்கியது.

மறுநாள் சவாரிக்கு வந்த ஒரு அம்மாள் பின்வாங்கினாள். "வாயக் கட்டிகினு கீதே, கடிக்குமா அண்ணாத்தே?"

செங்கல்வராயன் தலையில் அடித்துக்கொண்டார். "அது கடிக்காதும்மா, நான்தான் கடிப்பேன். ஏறு!"

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.