பூ கொடுத்தார்கள், பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்

எழுபதுகளில், சிலி நாட்டுச் சுரங்கமொன்றில் வேலைபார்த்த என் கணவரிடம் போக, கைக்குழந்தையோடு சிட்னி விமான நிலையத்துக்குச் சென்றேன். நான் டிக்கெட் வாங்கியிருந்தது, ஒற்றை விமானத்தில் தொடங்கி, சில வருடங்களிலேயே கடல் தாண்டிப் பறந்த ஒரு தென் அமெரிக்க விமான நிறுவனத்தில். கவுண்டரில் பெண்களுக்கெல்லாம் ஆர்க்கிட் பூ கொடுத்தார்கள். குழந்தைக்கு வேண்டியதெல்லாம், அவள் குடிக்கும் அதே பால் பவுடர்கூட, விமானத்திலேயே கிடைக்கும் என்றார்கள். அதை நம்பி, பால் பவுடர் டப்பாவைப் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிட்டேன்.

ஏறப்போகும் நேரத்தில், நிறுவனம் திவால், விமானம் கிளம்பாது என்று அறிவித்தார்கள். பெட்டிகளையும் இப்போது தர முடியாதாம். வேறு பால் ஒத்துக்கொள்ளாத என் மகள் பசியில் வீறிட்டாள். விமானமோ கண்ணாடிக்கு வெளியே கண்ணெதிரில் நின்றது. திவாலான தகவல் காலையிலேயே வந்துவிட்டதென்று கவுண்டர்காரர் வாய்தவறிச் சொன்னார்.

எனக்கு ஆங்கிலமே மறந்துபோயிற்று. "தெரிஞ்சிருந்தும் எதுக்குய்யா பெட்டியை வாங்கினே?" என்று தமிழிலேயே கத்தினேன். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி, "விடாதேங்கோ தங்கச்சி, நானும் வாறன்" என்று முன்னால் வந்து மேஜையைத் தட்டினார். நாங்கள் போட்ட சத்தத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியை இறக்கித் தந்தார்.

இன்றும் முக்கியமானதெல்லாம் என் கைப்பையில்தான். எந்தக் கவுண்டரிலாவது சிரித்துக்கொண்டு பூ நீட்டினால், என் கை தானாகப் பையை இறுக்கிக்கொள்கிறது.