எல்லாமே பெங்களூர்தானே!

அரிசியில் பாதிகூட இருக்காது அந்த அந்துப்பூச்சி. தொண்ணூறுகளில், பெங்களூரில் ஒரு பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக இருந்தபோது, பல இனங்கள் அடங்கிய அந்த ஒரு பேரினத்துக்காக ஐந்து வருடம் அலைந்தேன். அதன் புழு இலைக்குள்ளேயே தின்று வளரும். இலையில் கோணல்மாணலாக வெள்ளைக் கோடு தெரிந்தால் பறித்து டப்பாவில் போட்டு, பூச்சி வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச் மதிலோரம், வைட்ஃபீல்டில் ஒரு தோப்பு, பொம்மசந்திராவில் தொழிற்சாலை வாசல் புங்க மரம். "இலை பறிக்கவா பஸ் ஏறி வந்தே?" என்று ஒரு வாட்ச்மேன் துரத்தியே விட்டான்.

இறக்கையைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. வயிற்று நுனியை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பதற்கோ, பூச்சியைக் குத்திவைத்த ஊசியிலேயே மாட்டியிருக்கும் சீட்டுதான் ஒரே சாட்சி: இடம், மரம், தேதி. எவ்வளவு அழுக்கானாலும் பழைய சீட்டைக் கழற்றக் கூடாது. புதிதாக எழுதினால் அதற்குக் கீழே குத்த வேண்டும்.

வெளியூரிலிருந்து நிபுணர் வரப்போகிறார் என்றதும், நான் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த வாரத்தில், எங்கள் அதிகாரி என் கையெழுத்துச் சீட்டுகளையெல்லாம் கழற்றி, புது கம்ப்யூட்டரில் அச்சடித்து மாட்டியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: பெங்களூர்.

"நீட்டா இருக்குல்ல?"

"பழைய சீட்டு எங்க சார்?"

"கசத்துல போட்டாச்சு, குப்பைதானே அது. எல்லாமே பெங்களூர்தானேம்மா!"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மறுநாள் மெமோ வந்தது. குப்பைக்கூடையைக் கிளறிச் சீட்டுகளைப் பொறுக்கினேன். எது எந்தப் பூச்சியுடையது என்று யாருக்குத் தெரியும்?

நிபுணர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது புது இனம். எந்த மரத்துல எடுத்தீங்க?"

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒவ்வொரு இடமாக மறுபடி போனேன். தோப்பில் கட்டடம் எழும்பியிருந்தது. புங்க மரத்தை வெட்டிவிட்டார்கள். மதிலோரம் கிடைத்தவை ஏற்கனவே தெரிந்த இனங்கள்தான்.

நிபுணரின் கட்டுரை வந்தது. சேகரிப்பைச் செம்மையாகப் பராமரித்ததற்காக அதிகாரிக்கு நன்றி. படிக்கும்போதே உடம்பெல்லாம் எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. பரவல் வரைபடத்தில் அந்தப் புது இனத்துக்கு நகரத்தின் நடுவே ஒரே ஒரு புள்ளி. அது மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் மேல் விழுந்திருக்கிறது. அங்கே நான் பஸ் மாறியிருக்கிறேன். ஒரு இலை பறித்ததில்லை.