மீட்டர் மேல் வைத்த பொட்டு

என் வேன் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. மீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எண் தெரிகிற அந்தச் சின்னக் கட்டத்தைச் சந்தனத்தால் மூடியவன் நான்.

வேன் வாங்கிய வருடம் ஆயுத பூஜை அன்று பயபக்தியோடு பொட்டு வைக்க ஆரம்பித்தேன். ஸ்டியரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. அதே வேகத்தில் மீட்டர் மேலும் ஒன்றை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனம் வருமா? அடுத்த வருடம் அதன் மேலேயே இன்னொன்று வைத்தேன். இப்படியே ஆறு மாடி கட்டிவிட்டேன். யாராவது "வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டால், "ஒரு நூறு நூத்திப் பத்தாயிரம் இருக்கும்" என்பேன். எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த எண், அவ்வளவுதான்.

மலேசியாவில் தம்பின் டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பதினொரு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்வதுதான் என் தொழில். எனக்குப் படிப்பும் வரவில்லை, பாட்டும் வரவில்லை, கல்யாணத்தன்று மாலையைக்கூடத் தலைகீழாகப் போட்டுக்கொண்டவன். ஆனால் என் வேன் பிள்ளைகள் ஒரு நாள்கூடப் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை. மழை, வெள்ளம், ரோட்டில் விழுந்த மரம் எதுவும் எங்களை நிறுத்தியதில்லை. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. பார்க்கிற எல்லாரிடமும் சாதாரணமாகச் சொல்வேன்.

போன வருடம் அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் பள்ளியின் கோலாட்டக் குழுவில் சேர்ந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை போர்டிக்சனில் போட்டி. குழுவில் பெரும்பாலோர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால், என் வேனே போகட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக வேனுக்குள்ளேயே ஒத்திகை. சீட்டு, கதவு, என் தலை என்று எதையும் விடாமல் கோலால் தட்டினார்கள்.

தூரப் பயணமாயிற்றே, எண்ணெய் மாற்றிவிடலாம் என்று முந்தைய வெள்ளிக்கிழமை தம்பினில் உள்ள பட்டறைக்குப் போனேன். பசாருக்குப் போகலாம் என்று மனைவியும் கூட வந்திருந்தாள். பட்டறை முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்; ஒரு தோட்டத்துக் கடைக்காரரின் மகன். சீனர்தான், ஆனால் தமிழில் என்னைவிட வேகமாகத் திட்டுவார். கதவைத் திறந்தவர், நான் வேன் வாங்கியபோது தான் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தார். அடுத்த டைமிங் பெல்ட் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் என்று அதில் எழுதியிருந்தது.

"இப்ப எவ்வளவு ஓடியிருக்கு அண்ணே?"

"நூத்திப் பத்து இருக்கும்."

அவர் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி கும்பிட்டீங்க சரி. மீட்டரையுமா கும்பிட்டீங்க?"

துடைத்துப் பாருங்கள் என்றேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "சாமி விஷயம் அண்ணே. நான் தொட மாட்டேன்லா."

எனக்கும் கை வரவில்லை. அப்போது பின் சீட்டிலிருந்து என் மனைவி, "நூத்தி எழுபதாயிரம் இருக்கும்" என்றாள். தோட்டத்து நாற்றங்காலில் பையில் மண் நிரப்புகிறவள். வண்டி ஓட்டத் தெரியாது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல போய்வர நாப்பத்தி ரெண்டு, மத்தியானம் நாப்பத்தி ரெண்டு. வருஷத்துக்கு நூத்தித் தொண்ணூறு நாளு பள்ளிக்கூடம். அதுவே பதினாறாயிரம் ஆச்சு. பசாரு, கோயிலு, உங்க தங்கச்சி வீடு, அதுக்கு ஒரு ரெண்டாயிரம். ஆறு வருஷத்துல கோவிட்டுக்குப் பள்ளிக்கூடம் மூடுனதுக்கு ஒரு வருஷத்தக் கழிச்சிருங்க. வாங்கும்போதே எம்பதாயிரம் ஓடியிருந்திச்சி. கூட்டிக்குங்க."

தவுக்கே விரல் விட்டு எண்ணினார். நான் எண்ணுவது போல உதட்டை அசைத்தேன்.

அவள் இறங்கி வந்து துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்தாள். "சாமி கோவிச்சிக்கிட்டா உங்க மேலதான் கோவிச்சிக்கும். பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். மாடி மாடியாக இடிந்து விழுந்தது. 169,412.

தவுக்கே அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கு வெட்கப்படவேண்டிய நேரம்தான், ஆனால் பெருமை முந்திக்கொண்டது. பட்டறையில் காத்திருந்த இரண்டு பேரிடம், "என் சம்சாரம்" என்றேன். யாரென்று அவர்கள் கேட்கவே இல்லை.

பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது: பெல்ட் மாற்ற வேண்டிய கெடு ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு முன்பே தாண்டியிருந்தது. புது பெல்ட் செரம்பானிலிருந்து சனிக்கிழமை மாலைதான் வரும். வேலைக்கு அநேகமாக ஒரு நாள் பிடிக்கும். ஞாயிறு பட்டறை லீவு. இப்போதே கழற்றிவிட்டு வேலை முடியாமல் போனால் திங்கட்கிழமை பிள்ளைகள் தோட்டத்திலேயே நிற்க வேண்டியதுதான். வேறு இரண்டு வேன்காரர்களுக்குப் போன் போட்டேன். இருவருக்கும் அன்று அவரவர் பள்ளிப் பிள்ளைகள்.

"இத்தனை நாள் ஓடுனது, இன்னும் ஒரு நாள் ஓடாதா தவுக்கே?"

"ஓடலாம். அஞ்சு மாசம்கூட ஓடலாம். இங்கிருந்து கோயில் முக்கு வரைக்கும் ஓடாமயும் போகலாம்."

"எனக்கு இஞ்சின் சத்தம் அத்துப்படி. சின்னதா மாறினாலும் கண்டுபிடிச்சிருவேன்."

"இது சத்தம் போடாது அண்ணே. ரப்பரு. அறுந்த பிறகுதான் உங்களுக்குக் கேக்கும், அது இஞ்சின் உடையுற சத்தம்."

மனைவியைப் பார்த்தேன். கணக்குப் போட்டவள் இதற்கும் விடை சொல்லுவாள் என்று நினைத்தேன். "ஓட்டுறது நீங்க. நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பசாருக்கு நடந்துவிட்டாள்.

போர்டிக்சன் போகும் வழியில் லிங்கிப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு வளைவு உண்டு. பாவாடை சட்டையோடு பிள்ளைகள் அங்கே ரோட்டோரத்தில் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு காட்சி கண்ணில் வந்தது. போட்டிக்குப் போகாவிட்டால் அழுவார்கள். அந்த வளைவில் பின்னால் ஒரு லோரி வந்தால்? சாவியைத் தவுக்கே கையில் வைத்தேன்.

"கழட்டுங்க. முடியலன்னா நான் பள்ளிக்கூடத்துல போய் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வேனைச் சுற்றி வந்தார். "ஞாயிறு காலைல கடை திறக்கிறேன். என் பொண்டாட்டி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

ஞாயிறு முழுவதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தேவையில்லாத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி கழற்ற வேண்டாமே என்று வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினார். பழைய பெல்ட்டை எடுத்து என் முன்னால் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். பல்லுக்குப் பல் விரிசல். ஓர் இடத்தில் மூன்று பற்கள் அடியோடு பிய்ந்து, நூல் தெரிய ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பேசாமல் இருந்ததை அந்தப் பட்டறை அன்றுதான் பார்த்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு வேன் உயிர் பெற்றது.

மறுநாள் போர்டிக்சனுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் ஆடியதைப் பற்றி நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் நடுவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்: இரண்டாம் பரிசு. ஒரு கோல்கூடத் தவறவில்லை. முதல் பரிசு வாங்கிய குழுவை நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது கோப்பை சீட்டு சீட்டாகக் கை மாறிக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. இந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்பதை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்? பழைய பெல்ட்டைக் காலடியில் வைத்திருந்தேன். அந்த வளைவு நெருங்கும்போது அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, பின்னால் திரும்பிப் பேச ஆரம்பித்தேன்.

"பிள்ளைங்களா, இத நல்லா பாருங்க. உங்க அங்கிள் மட்டும் வெள்ளிக்கிழமை அந்த முடிவ எடுக்கலன்னா, இன்னிக்கி இந்தக் கோப்பையில பாதி..."

முன் சீட்டில் கோலை மடியில் வைத்திருந்த குழுத் தலைவி, ஐந்தாம் ஆண்டுப் பெண், நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், ரோட்டப் பாருங்க."